150 பேருக்கு மேல் நண்பர்கள் இருந்தால் மூளை சுருங்குமா?

மதுரை, உசிலம்பட்டிப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில், "முகநூலில் 150 பேருக்கு மேல் நண்பர்களாகச் சேர்த்தால் மூளை சுருங்கும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்" என்ற செய்தி சுற்றுகிறது. இது தவறானது.

150 என்ற எண், பிரிட்டன் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. குரங்கினங்களின் மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) அளவையும் அவை வாழும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, அதே விகிதத்தை மனிதருக்குப் பொருத்தினால் ஏறத்தாழ 148 பேருடன் நிலையான உறவு சாத்தியம் என்று அவர் கணித்தார். அந்தக் கணிப்பின் வீச்சே சுமார் 100 முதல் 230 வரை நீள்கிறது. மூளை சுருங்கும் என்று அவர் அதில் கூறவில்லை. 2021-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையை மறுபரிசீலனை செய்து, இவ்வழியில் மனிதருக்கு ஓர் உச்சவரம்பைத் துல்லியமாகக் கூறவே இயலாது என்று முடிவுகட்டினர்.

லண்டன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவோ செய்திக்கு நேர்மாறானது: முகநூல் நண்பர்கள் அதிகமுள்ளோருக்கு மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் (நரம்பணுக்கள் செறிந்த திசுவின்) அடர்த்தி கூடுதலாகவே இருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆகவே நண்பர்களைச் சேர்த்தால் மூளை வளரும் என்று அடுத்த செய்தியைக் கிளப்பிவிட வேண்டாம்.

நெருக்கமான உறவுக்கு நேரமும் கவனமும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் முகநூல் பட்டியலில் இருப்போர் பெரும்பாலும் வெறும் அறிமுகங்கள். நம் பக்கத்து மொய் நோட்டில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருப்பதைப் போலத்தான்.