நியூட்ரல் சுவிட்சை டைரக்ட் பண்ணி விடாதீங்க

தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கிற புளியரை ஏற்றத்துல லாரி ஓட்டுறவங்க, வண்டி வெச்சிருக்கிறவங்க, ஒயரிங் பார்க்கிற தம்பிங்க, எல்லாரும் இதைப் படிக்கணும். நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க.

பழைய வண்டி ஒண்ணு செல்ஃப் எடுக்கலைன்னு ஷெட்டுக்கு வருது. பேட்டரி நல்லா இருக்கு, செல்ஃப் மோட்டாரும் நல்லா இருக்கு. தேடிப் பார்த்தா நியூட்ரல் சுவிட்ச் வேலை செய்யல. உடனே ரெண்டு ஒயரையும் வெட்டி ஒண்ணா முறுக்கி, டேப் சுத்தி, "அண்ணாச்சி, டைரக்ட் குடுத்தாச்சு, இனி ஒரு சள்ளையும் இல்ல"ன்னு சாவியைக் கையில குடுத்துடுறாங்க. எல்லை தாண்டி கேரளாவுக்குப் போனா அங்கேயும் "ஷார்ட் செய்தா மதி" (ஷார்ட் பண்ணினாப் போதும்)தான். தென்காசியில இருந்து புனலூர் வரைக்கும் இது சர்வ சாதாரணமா நடக்குது. இது நடக்கவே கூடாதுங்கிறது என் கருத்து.

அந்த சுவிட்சோட வேலை சின்னதுதான். கியர்பாக்ஸ்ல திருகி வெச்சிருக்கும். கியர் நியூட்ரல்ல இருந்தாத்தான் உள்ளே காண்டாக்ட் சேரும். சேர்ந்தாத்தான் சாவியில இருந்து வர்ற கரண்ட் செல்ஃப் ரிலேவுக்குப் போகும். சில வண்டியில கிளட்ச் பெடல் கிட்ட இருக்கிற சுவிட்ச் இந்தக் காவலைப் பார்க்கும். வளைகுடாவுல ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டிட்டு வந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், லீவர் பார்க்லயோ நியூட்ரல்லயோ இல்லாம அது செல்ஃப் அடிக்காது. அமெரிக்காவுல ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 1968-லயே இதைச் சட்டமாக்கிட்டாங்க.

நம்ம மலைப்பாதைக்கு வாங்க. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் வண்டி நிறுத்தச் சமதளம் தேடி அலையணும். அதனால கியர் போட்டுத்தான் நிறுத்துவோம். ஏற்றம் பார்த்து நின்னா ஃபர்ஸ்ட், இறக்கம் பார்த்து நின்னா ரிவர்ஸ், டயருக்கு ஒரு கல். சரியான பழக்கம், யாரும் விடாதீங்க. ஆனா சுவிட்ச் இல்லாத வண்டியில இந்த நல்ல பழக்கமே ஆளைக் கவுத்துடும். விடியக்காலம் டிரைவர் அரைத் தூக்கத்துல ஏறி, கிளட்ச் மிதிக்காம சாவியைத் திருப்புறார். கியர் விழுந்தே கிடக்கு. ஃபர்ஸ்ட் கியரோட இழுவைக்கு, இன்ஜின் பிடிக்கிறதுக்கு முன்னாடியே செல்ஃப் மோட்டார் ஒண்ணே லாரியை நகர்த்திடும். இன்ஜினும் பிடிச்சிட்டா இன்னும் மோசம். பழைய பம்ப் டீசல் வண்டி பலதுல சாவியை ஆஃப் பண்ணினா இன்ஜின் நிக்காது, ஸ்டாப் கேபிளை இழுத்தாத்தான் நிக்கும். ராத்திரி முழுக்க நின்ன ஏர் பிரேக் வண்டியில காத்தும் இறங்கியிருக்கும். காத்து இறங்கினா தானே பிடிச்சுக்கிற ஸ்பிரிங் பிரேக் இல்லாத மாடலா இருந்தா காலடியில நம்பிக்கையா மிதிக்க ஒண்ணும் இல்ல.

அந்த நேரத்துல கல்லை எடுக்க டயர் கிட்டக் குனிஞ்சிருக்கிறது யாரு? கிளீனர் பையன்.

போன மழைக்காலத்துல ஆரியங்காவு பக்கம் ஒரு டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். எம்சாண்ட் ஏத்தின லாரி ஒண்ணு ஒரே வெட்டு வெட்டி முன்னாடி குதிச்சுது. டயருக்கு அடியில இருந்த கல் தெறிச்சு கடைத் தகரத்துல போய் அடிச்சுது. பையன் அப்பத்தான் கையை எடுத்திருந்தான். கொஞ்ச நேரம் விரல்களை விரிச்சு மடக்கிப் பார்த்துக்கிட்டே நின்னான். டிரைவர் அன்னைக்குக் காலையிலதான் அந்த வண்டிக்கு மாறி வந்தவர். செல்ஃப் டைரக்ட்ல இருக்குன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல.

என் கோபம் இங்கதான். அந்தக் காலத்து வண்டியில இந்த சுவிட்சே கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா இல்லைன்னு தெரிஞ்சதால டிரைவர் கியர் ராடை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் சாவியில கை வெப்பார். சுவிட்ச் இருக்குன்னு நம்பி ஏறுறவரை அந்த டேப் சுத்தின ஒயர் ஏமாத்துது. ஓனர் சுவிட்ச் காசை மிச்சம் பிடிக்கிறார், அதுக்கு விலை குடுக்கிறது கிளீனரோட கையும் காலும்.

நடுராத்திரி தென்மலையில காய்கறி லோடோட வண்டி நின்னுபோச்சு, கொல்லம் மார்க்கெட்டுக்குப் போயாகணும்னா என்ன பண்றது? சுவிட்சுக்கு வர்ற ஒயர் சேருற கப்ளரைக் கழட்டி ஒரு துண்டு ஒயர் போட்டு எடுத்துட்டுப் போங்க, அதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டியரிங் பக்கத்துல ஒரு அட்டையில எழுதி ஒட்டுங்க, லோடு இறக்கின கையோட சுவிட்சை மாத்துங்க. அட்டையை ஒட்டிட்டு அப்படியே வருஷக்கணக்குல ஓட்டுறதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல. 8 வருஷம் தாண்டின வண்டியை வருஷா வருஷம் எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டுறோம். பிரேக் பார்க்கிறாங்க, லைட் பார்க்கிறாங்க. இந்த சுவிட்சைத் தொட்டுப் பார்த்ததா நான் ஒரு தடவை கூடக் கண்டதில்ல. நாமதான் பார்த்துக்கணும்.

ஒயரிங் தம்பிகளுக்கு: டைரக்ட் குடுத்ததும் செல்ஃப் அடிச்சிட்டா சுவிட்ச்தான் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல கப்ளரைக் கழட்டிப் பாருங்க. இந்தக் காட்டு மழையில முக்கால்வாசி அங்கேதான் பச்சைக் களிம்பு பிடிச்சுக் கிடக்கும், இல்லைன்னா ஒயர் அதிர்வுல உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். டெஸ்ட் பல்பு வெச்சு, சாவி ஸ்டார்ட்ல இருக்கும்போது சுவிட்சுக்கு சப்ளை வருதா, மறுபக்கம் போகுதான்னு பாருங்க. அப்புறம் கப்ளர் கழட்டின சுவிட்ச்ல மீட்டர் வைங்க. நியூட்ரல்ல பீப் வரணும், கியர் போட்டா நிக்கணும். சுவிட்சுக்கு அடியில இருக்கிற வாஷரையும் கவனிங்க. தடிமனான வாஷர் போட்டிருந்தா சுவிட்சோட முனைக் குச்சி உள்ளே எட்டாம புது சுவிட்ச்கூட வேலை செய்யாது.

ஓனர்கள் இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க. வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னாடி பின்னாடி ஆள் இல்லைன்னு பார்த்துக்கோங்க. நியூட்ரல் சுவிட்ச் மட்டும் இருக்கிற வண்டின்னா, கிளட்சை முழுசா மிதிச்சு கியர் போட்டு சாவியைத் திருப்புங்க. கிளட்ச் சுவிட்ச் வண்டின்னா, நியூட்ரல்ல வெச்சு கிளட்சைத் தொடாம திருப்புங்க. செல்ஃப் அடிக்கக் கூடாது. அடிச்சா, யாரோ எப்பவோ டைரக்ட் குடுத்திருக்காங்க. அந்த ஒயர் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் வண்டியை மலைக்கு அனுப்பாதீங்க.