அவர்களையா சோம்பேறி என்கிறீர்கள்?

அமெரிக்காவில் ஊர் ஊராகக் காரில் சுற்றும் ஒரு தமிழ்த் தம்பி போட்ட அந்த வீடியோவை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பாத ஆள் பாக்கியில்லை. "அக்கா, நீங்க வேலை பாத்த ஊராச்சே!" என்று கூடவே ஒரு சிரிப்பு. பார்த்தேன், கடைசி வரை பார்த்தேன். இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரின் கண்ணாடியைக்கூட இறக்காமல், மிசிசிப்பி மாநிலத்து கிரீன்வுட்டில் பூட்டிக் கிடக்கும் கடைகளைப் படம் பிடிக்கிறார் அந்தத் தம்பி. வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கருப்பினப் பெரியவரைக் கிட்டத்தில் காட்டி, "சோம்பேறிங்க, வேலைக்குப் போக மனசில்ல, அதான் ஊரே இப்படிக் கிடக்கு" என்கிறார். அப்புறம் பாட்டு, அடுத்த ஊர். அந்தப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். அந்த வயதில் வாசலில் உட்காராமல் வேறு என்ன செய்வார்?

மிசிசிப்பி டெல்டாவில் நான்கு வருடம் முதியோர் இல்லங்களில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்த ஊர் முதியவர்களின் முதுகையும் முழங்காலையும் தினமும் தொட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மண்ணில் அவர்களைவிட அதிகம் உழைத்தவர்கள் யாரும் கிடையாது. இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா என்றாலும் அது கடலோரம் இல்லை. மெம்ஃபிஸுக்குத் தெற்கே தொடங்கி விக்ஸ்பர்க் வரை, மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் வண்டல் பூமி. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது அதில் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். மரம் வெட்டி, தண்ணீரை வடித்து, ஆற்றுக்குக் கரை போட்டு, அதை வயலாக்கியது பெரும்பாலும் கருப்பின மக்களின் கை. வயலான பிறகு நிலம் வெள்ளைக்கார முதலாளிக்கு, உழவு இவர்களுக்கு, விளைச்சலில் பாதி முதலாளிக்கு வாரம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு வாரம் என்றால் விளக்கத் தேவையில்லை. விதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடன். கணக்குப் புத்தகம் முதலாளி கையில். அறுவடை முடிந்து வருடக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள்.

என்னிடம் ஒரு பாட்டியம்மா சிகிச்சைக்கு வந்தார். எண்பத்தாறு வயது, இடுப்பெலும்பு முறிவு. என்னை "பேபி" என்றுதான் கூப்பிடுவார். வாக்கரைப் பிடிக்கச் சொல்லி அவர் கையை எடுத்து வைத்தபோது பார்த்தேன், நகத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. பருத்திக்காய் வெடித்துக் காய்ந்ததும் ஓட்டின் முனை ஊசியாகிவிடுமாம், பஞ்சைப் பிடுங்கும்போதெல்லாம் குத்துமாம். ஆறு வயதில் வயலில் இறங்கியவர். ஒன்பது அடி நீளக் கித்தான் பையைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். பருத்தி எடுக்கும் காலம் வந்தால் கருப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்களாம்.

ஒரு வருடக் கடைசியில் அவர் அப்பா கணக்குத் தீர்க்கப் போய்விட்டு வந்தார். "இந்த வருஷம் கடன் கிட்டத்தட்ட அடைஞ்சிருச்சு, அடுத்த வருஷம் உனக்குக் கையில கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு காசு கையில் இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம், இருட்டும்வரை. இதைச் சொல்லிவிட்டு அந்தம்மா என்னைப் பார்த்து, "சரி பேபி, நடக்கலாம்" என்றார்.

அந்த வீடியோவில் வாசல்படியைப் பார்த்ததும் எனக்கு அந்த அப்பாதான் ஞாபகம் வந்தார்.

1927 வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏப்ரல் 21ஆம் தேதி மவுண்ட்ஸ் லேண்டிங்கில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்தது. கிரீன்வில்லில் வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஆயிரக்கணக்கான கருப்பின மக்களைக் கரை மேலேயே நிறுத்திவைத்தார்கள். ஏன் தெரியுமா? வெளியே போனால் திரும்பி வரமாட்டார்கள், பண்ணைக்கு ஆள் இருக்காது என்ற பயம். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆள். நிவாரண மூட்டைகளை இறக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான். சோம்பேறிகளைப் பிடித்துவைக்க யாராவது துப்பாக்கி தூக்குவார்களா?

"அப்புறம் ஏன் இன்னிக்கு வேலை இல்ல?" என்று ஒருவர் கமெண்டில் கேட்கிறார். 1944இல் கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் விதைப்பது முதல் பொதி கட்டுவது வரை முழுக்க இயந்திரத்திலேயே ஒரு பருத்தி விளைச்சலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இருபது இருபத்தைந்து வருடத்துக்குள் கைகளுக்கு வேலை போய்விட்டது. நிலம் அவர்கள் பெயரில் இல்லை, சேமிப்பு இல்லை. லட்சக்கணக்கானவர்கள் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள். போக முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளைத்தான் தம்பி காருக்குள்ளிருந்து பார்த்தார்.

ஃபேனி லூ ஹாமரைத் தெரியுமா? அவரும் ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர்தான், இருபது பிள்ளைகளில் கடைசி. ரூல்வில் பக்கத்தில் ஒரே பண்ணையில் பதினெட்டு வருட வேலை. 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதியலாம் என்று இண்டியனோலாவுக்குப் போனார். அன்றைக்கே பண்ணையை விட்டுத் துரத்தினார்கள். அடுத்த வருடம் வினோனா சிறையில் அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது, ஒரு கண் மங்கியது. ஓட்டுப் போடப் பெயர் எழுதப் போனதற்கு இந்தத் தண்டனை. இப்படிப்பட்ட ஊரைத்தான் "மனசில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அந்தத் தம்பி.

"பழைய கதையை எத்தனை நாள் பேசுவீங்க?" என்பவர்களுக்கு: எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கருப்பினப் பையனைக் கொன்று டல்லஹாச்சி ஆற்றில் போட்டது 1955இல். கொன்றவர்களை விடுவிக்க வெள்ளைக்கார ஜூரிக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த ஆற்றங்கரையில் வைத்த நினைவுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுட்டார்கள், 2019இல் குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று. இதே டெல்டாவில் உள்ள கிளீவ்லண்டில், நிறத்தால் பிரிந்து கிடந்த பள்ளிகளை ஒன்றாக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது 2016இல். 2021இல் உள்ளூர்க் கருப்பினத் தொழிலாளர்கள் ஒரு பண்ணைமீது வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெள்ளையர்களைக் கூட்டிவந்து தங்களைவிட அதிகக் கூலி கொடுக்கிறார்கள், அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று. இதில் எது பழைய கதை?

"துப்பாக்கி, போதை எல்லாம் இல்லையா?" இருக்கிறது. இருட்டிய பிறகு சில தெருக்களில் நானும் போகமாட்டேன். ஆனால் நம் ஊரிலும் அப்படித் தெருக்கள் உண்டு.

"நாமும்தான் இந்தியாவிலேருந்து வெறுங்கையோட வந்தோம், முன்னேறலையா?" இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் என் நண்பர்கள். நாம் வெறுங்கையோடு வரவில்லை. கையில் பட்டமும் விசாவும் இருந்தன. நமக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், அவர்கள் ரத்தம் சிந்தி நடத்திய உரிமைப் போராட்டத்தின் காலத்தில் வந்தது. அதற்கு முன் ஆசியர்களின் நிலை என்ன? ரோஸ்டேலில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு சீனர், தன் மகள் மார்த்தா லம்மை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1927இல் முடியாது என்று தீர்ப்பு. அதே டெல்டாவில் இன்று எனக்குத் தெரிந்த நம் குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்காமல், வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த தனியார் அகாடமியில் சேர்க்கின்றன. தரம் என்று காரணம் சொல்கிறார்கள். தரம் மட்டும்தானா என்று அவர்கள் மனசுக்குத் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். என் அப்பாயி திருத்துறைப்பூண்டி பக்கத்தில் பண்ணையில் நடவு நட்டவள். கார்த்திகையில் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், நடக்க முடியாது. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்று காரியக்காரர் வாசலில் வந்து நின்று கத்திய முதல் வார்த்தை "சோம்பேறி". சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த வார்த்தையை ஒருவர் தமிழில், நம் டெல்டாக்காரர் பேசும் அதே தமிழில், வாசலில் உட்கார்ந்த ஒரு கிழவரைப் பார்த்துச் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

வீடியோ போட்ட தம்பியை எனக்குத் தெரியாது. அவர்மேல் வருத்தம் குறைவுதான். ஆனால் அதன் கீழே "நூத்துக்கு நூறு உண்மை தம்பி" என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணே, உங்களைத் தெரியும். உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவும் என் அப்பாயியும் ஒரே வயலில் நின்றவர்கள். அந்தக் கமெண்டை எடுங்கள். எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.