அந்த மீட்டர் சாகவில்லை

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். ஹட்டனில் போன ஞாயிறு நடந்த போட்டோ பயிற்சி. மேடைக்குப் பக்கத்தில் பையன் நிற்கிறான், கையில் பழைய லைட் மீட்டர், படம் எடுக்க வெளிச்சத்தை அளக்கிற கருவி. பயிற்சி கொடுக்க வந்த சேர் அதை வாங்கி, டியூப் லைட் பக்கமாக ஒரு தரம் நீட்டுகிறார். முள் அசையவில்லை. "இது செத்துப் போச்சு தம்பி, இரும்புக் கடையில போட்டுட்டு போன்ல ஒரு அப் போட்டுக்க" என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. பையன் மீட்டரைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைப்பதோடு வீடியோ முடிகிறது.

அந்த மீட்டர் சாகவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அதைத் திறந்து, துடைத்து, மூடிக் கொடுத்தவள் நான்.

அது வெஸ்டன் மாஸ்டர் 2. இங்கிலாந்தில் என்ஃபீல்டில் செய்தது. பெட்டரி கிடையாது. செலினியம் செல்லில் வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் தரும், அந்தத் துளி மின்சாரம்தான் முள்ளைத் தள்ளும். செல்லுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு, கீல் வைத்தது. வெயிலில் தகட்டை மூடி அளக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் தகட்டைத் திறந்துவிட வேண்டும். திறந்த உடனே முகப்பில் இருக்கும் எண்களும் தானாக மாறிவிடும். சேர் தகட்டைத் திறக்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தெரியும். வெளியே மிஸ்ட் (மூடுபனி) இறங்கிய நாள், மண்டபத்துக்குள்ளே, தகட்டை மூடி வைத்துக்கொண்டு நீட்டினால் முள் எங்கே எழும்பும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் பையன் "சேர், பின்னால ஒரு மூடி..." என்று ஆரம்பிக்கிறான். சத்தத்தைக் கூட்டி வைத்தால் கேட்கும். முடிக்க விடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை மாட்டுவதற்கு முன்னால் வெறும் தராசைப் பார்ப்பார், முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று. நிற்காவிட்டால் மாட்ட மாட்டார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளிப்பார். அம்மா நகர மாட்டார். மீட்டரைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வதும் அதுதான். செல்லை உள்ளங்கையால் இறுக மூடு, முள் பூச்சியத்துக்கு வருகிறதா பார். வராவிட்டால் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை மயிரிழை திருப்பிச் சரிசெய். பிறகு மீட்டரை நிமிர்த்து, சாய், கவிழ். முள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே தூசி, அல்லது துரு. அதன் பிறகு வெயில். மேகமில்லாத நடுப்பகலில் ஐ.எஸ்.ஓ 100 வேகப் பில்முக்கு ஷட்டர் 1/125 செக்கன், லென்ஸ் துவாரம் எஃப் 16, அல்லது அதற்கு மிகக் கிட்ட வர வேண்டும். அதோடும் விட்டுவிடக் கூடாது. இஸ்தோப்பு (திண்ணை) நிழலில் ஒரு தரம், காம்பராவுக்குள் (அறைக்குள்) ஒரு தரம், நல்ல மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வெயிலில் சரியாகச் சொல்கிற மீட்டர் மங்கலில் தப்பாகச் சொல்லும். பழைய செலினியத்தின் குணம் அது. எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைத்துச் சொன்னால் கவலையே இல்லை, அந்த அளவுக்குப் பில்ம் வேகத்தைக் கூட்டி வைத்துச் சரிக்கட்டலாம். இடத்துக்கு இடம் மாறினால்தான் செல் போய்விட்டது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். சேரிடம் மூன்று மணித்தியாலம் இருந்தது.

அந்த மீட்டர் என்னிடம் வந்தபோது உண்மையிலேயே முள் அசையவில்லை, தகட்டைத் திறந்தும். அதை மறைக்கவில்லை. திறந்து பார்த்தேன். செல்லின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளையத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கொட்டகலை, ஹட்டன், நுவரெலியா பக்கம் வருகிற பழைய மீட்டர்களில் நான் முதலில் பார்க்கும் இடம் அது. "செலினியம் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தீர்ந்துபோகும்" என்று எல்லாரும் சொல்வார்கள். என் மேசைக்கு வந்ததில் வெளிச்சத்தால் போனதை விட ஈரத்தால் போனதுதான் கூட. வளையத்தைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தேன். செல்லின் முகத்தில் நகம்கூடப் படக் கூடாது, கீறினால் அதோடு சரி. பிறகு செல்லை மட்டும் எடுத்து வாசலில் வெயிலில் பிடித்து, மல்டிமீட்டரை மைக்ரோஅம்பியரில் வைத்துப் பார்த்தேன். எண் ஏறியது. கை வைத்து மறைத்தேன், விழுந்தது. கையை எடுத்தேன், திரும்ப ஏறியது. எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு செல், பெட்டரி இல்லாமல், சும்மா வெயிலைப் பார்த்து. அந்த நிமிடம் எனக்கு என்ன சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை.

ஒரு விசயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாடம் கற்றவள் நான். அப்பா ரேடியோ திருத்துகிறவர். அவருடைய மேசையில் பதினாறு வயதில் ஒரு மீட்டரைத் திறந்து, சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஓம்ஸ் அளவில், ஆகக் குறைந்த இடத்தில் வைத்துத் தொட்டேன். முள் ஒரே அடியாகக் கடைசிக்குப் போய் மோதி வளைந்துவிட்டது. மைக்ரோஅம்பியருக்கு ஆடுகிற சுருளில் மில்லிஅம்பியர் ஏற்றிவிட்டேன். அப்பா திட்டவில்லை. "அதுக்கு எவ்வளவு தாங்கும்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கேட்காமல் எதையும் தொடுவதில்லை. முள் சுழலும் முனைக்கு எண்ணெய் விடாதே என்றும் அவர்தான் சொன்னார். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், குளிரில் இறுகும். அது காய்ந்தே ஓட வேண்டிய இடம்.

இனி, இதை எழுதினால் என்ன வரும் என்று தெரியும்.

"டீச்சர், அப் இருக்கும்போது எதுக்கு இது?" அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் போனிலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. ஆனால் போன் கெமராவால் அளக்கிற அப், எதிரில் இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. அது என்ன செய்யும் என்று கீழே சொல்கிறேன்.

"அவர் கொழும்பிலிருந்து காசு வாங்காமல் வந்து சொல்லிக் கொடுத்தவர், அவரைப் போய்..." வந்தது பெரிய விசயம். நன்றி. இலவசமாகக் கொடுத்தால் பிழையாகக் கொடுக்கலாமா? மலையகத்துப் பிள்ளைகளுக்கு வந்து சேருவதெல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டுமா? காசு வாங்காத கடைக்காரர் அழுகிய மீனைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு சமைப்பீர்களா?

"செலினியம் மீட்டர் எல்லாம் ஒருநாள் போகத்தானே போகிறது." போகும். நாமும்தான்.

"பில்ம் விற்கிற விலைக்கு இந்தப் பழசை நம்பி எடுக்க முடியுமா?" இது நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். பில்ம் விலை ஏறியதால்தான் நல்ல மீட்டர் வேண்டும் என்கிறேன். ஒரு ரோலில் 36 படம். புதிதாக வாங்க வசதி இருந்தால் செக்கோனிக் எல் 308 வாங்குங்கள், ஒரு டபுள் ஏ பெட்டரி போதும், அது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பழசு வாங்குகிறவர்கள் முதலில் பெட்டரியைக் கேளுங்கள். கொசன் லூனாசிக்ஸ் 3 அருமையான மீட்டர், நிலா வெளிச்சத்தையும் அளக்கும். ஆனால் 1.35 வோல்ட் மெர்குரி பெட்டரிக்குச் செய்தது. அந்தப் பெட்டரியை உலகமே நிறுத்திவிட்டது. கடைக்காரர் அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார், முள்ளும் ஆடும், நீங்களும் நம்புவீர்கள். அல்கலைன் புதிதில் கூடுதலாக இருந்து நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், அதோடு உங்கள் அளவும் இறங்கும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பெட்டரியை வளையம் வைத்துப் போட்டால் 1.4 வோல்ட், அசையாமல் நிற்கும். ஸ்டிக்கரைப் பிய்த்த பிறகு கொஞ்ச மாதம்தான் வரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வம்பே வேண்டாம் என்றால் லூனாசிக்ஸ் எஃப் பாருங்கள், 9 வோல்ட் பெட்டரி. செக்கோனிக் எல் 398 கிடைத்தால் பெட்டரிப் பேச்சே இல்லை, விழும் வெளிச்சத்தை அளக்கிற வெள்ளைக் குமிழும் இருக்கும். வெஸ்டன் மாஸ்டர் 2 வைத்திருப்பவர்கள் இன்னொன்று நினைவில் வையுங்கள். அதன் முகப்பு வட்டில் இருப்பது வெஸ்டன் எண், பில்ம் வேகத்துக்கு அந்தக் கம்பனியின் சொந்தக் கணக்கு. 100 பில்முக்கு 80இல் வைக்க வேண்டும். பையனுக்கு அது தெரியும், நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எதை வாங்கினாலும் இங்கே ஈரம்தான் எமன். பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணி ரோஸ் நிறமானால் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி எடுத்தால் திரும்ப நீலமாகும், இந்த மழைக்காலத்தில் நான் மூன்று தரம் செய்தேன். அலுமாரிக்குள் துணிக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

"பில்ம் பெட்டியில் அச்சடித்த அட்டவணை போதும், வெயிலுக்கு எஃப் 16" என்பவர்கள் ஒருநாள் பொகவந்தலாவைக்கு வாருங்கள். பத்து மணிக்குச் சுளீர் என்று வெயில். கொழுந்து நிறுப்பதற்குள் மிஸ்ட் ஏறி வந்து எதிர்மலையை விழுங்கிவிடும். எஃப் 16 இருந்த இடத்தில் எஃப் 5.6 வேண்டும், சில நாள் அதற்கும் கீழே (எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). மிஸ்ட் கண்ணுக்கு வெள்ளை வெளேர் என்று இருப்பதால் யாருக்கும் வெளிச்சம் குறைந்த மாதிரியே தெரியாது.

வெள்ளை என்றதும்தான் நினைவு வருகிறது, அப் என்ன செய்யும் என்று கீழே சொல்வதாக மேலே சொன்னது. பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கும் எந்த மீட்டரும், அப்பும், முன்னால் இருப்பதை நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் "வெளிச்சம் அதிகம், குறை" என்று சொல்லும். வெள்ளைச் சீலைக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தி, தூரத்தில் நின்று அளந்தால் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதி) குறைந்துவிடும். சீலை சாம்பலாகும். முகம் கருகிவிடும். கிட்டப் போய் முகத்துக்கு நேரே அளக்க வேண்டும், அல்லது வெள்ளைக் குமிழை முகத்தடியில் வைத்துக் கெமராப் பக்கம் காட்டி, விழும் வெளிச்சத்தை அளக்க வேண்டும்.

பையனின் தாத்தா தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுத்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த வெஸ்டன். தாத்தா ஒவ்வொரு ஆளிடமும் நடந்து போய், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி மீட்டரைப் பிடித்து அளந்துவிட்டுத்தான் கெமராவுக்குத் திரும்புவாராம். "எங்களை யாரு அவ்வளவு கிட்ட வந்து பார்த்தா" என்று பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அம்மாயி ஒருவர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவர் லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வரிசையாக நிறுத்தி, எட்ட நின்றே எடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்தில் மிச்சமாக வந்த ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. வேட்டியின் மடிப்பு தெரிகிறது. சுவரில் அடித்த ஆணி தெரிகிறது. மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. கண் இல்லை. அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார், நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்கு எப்படிப்பட்ட கண் என்று அப்பாவிடம் கேட்டால் "உன் கண்ணு மாதிரி" என்பார், அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியாது. "கறுப்பு ஆட்கள், படத்தில் அப்படித்தான் விழும்" என்று சின்ன வயதில் என்னிடம் சொன்னவர்கள் எத்தனை பேர். நிறத்தில் பிழை இல்லை. அளந்ததில்தான் பிழை.

சேர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், நமக்குப் பொதுவான நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் கொட்டகலை ஸ்டேஷனில் நானும் அந்தப் பையனும் வெஸ்டனையும் என் செக்கோனிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். வெயிலில், கூரைக்கு அடியில், லாம்பு வெளிச்சத்தில். மூன்று இடத்திலும் வித்தியாசம் அரை ஸ்டொப்புக்குள்தான். முதல் அளவை எடுக்க அவன் தயங்கினான், சுற்றி யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

மன்னிப்பு எல்லாம் நான் கேட்கவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அதில் அவன் முகம் தெரிகிறது.