கடல் காத்துல ஒரு ஃபோனை அஞ்சு வருஷம் ஓட்டணும்னா

கடலூர்லயும் பாண்டியிலயும் ஃபோன் வாங்கற பேச்சு வந்தாலே கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, 5ஜி உண்டாங்கறதுதான் முதல் கேள்வி. நம்ம ஊர்ல ஒரு ஃபோனோட ஆயுசைத் தீர்மானிக்கிறது உப்புக் காத்து, மே மாச வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் பஸ் ஸ்டாண்டுல வாங்கற நூறு ரூபா கேபிள். இந்த நாலையும் சமாளிக்கத் தெரிஞ்சா 15,000 ரூபா ஃபோன் தாராளமா அஞ்சு வருஷம் உழைக்கும். தெரியலன்னா 40,000 ரூபா ஃபோன்கூட ரெண்டாவது தீபாவளிக்கே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல போய்ச் சேரும்.

கணக்கு ரொம்பச் சின்னது. 15,000 ரூபா ஃபோனை மூணு வருஷத்துல கைவிட்டா மாசத்துக்கு 417 ரூபா விழுது. அதே ஃபோனுக்கு நடுவுல ஒரு 1,500 ரூபா செலவு பண்ணி பேட்டரி மாத்தி அஞ்சு வருஷம் ஓட்டினா மாசத்துக்கு 275. "பேட்டரி நிக்கல, அதனால புதுசு வாங்கிட்டேன்"னு சொல்றதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். டயர் தேஞ்சிடுச்சுன்னு யாராவது வண்டியவா மாத்துவாங்க?

வாங்கற இடத்தைப் பத்தி ஒண்ணு. கடலூர்லேர்ந்து பாண்டிக்குப் போய் வாங்கினா வரி கம்மின்னு இன்னமும் நம்பறவங்க இருக்காங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்பவே அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு. 2020 ஏப்ரல்லேர்ந்து மொபைலுக்கு நாடு முழுக்க 18 சதவீதம். கடலூர் லாரன்ஸ் ரோட்டுல என்ன வரியோ அதேதான் பாண்டி நேரு வீதியிலயும். ரேட்டு இறங்கினா அது கடைக்காரர் விட்டுக் கொடுக்கற தள்ளுபடி. அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டர் உங்களுக்குக் கிட்டத்துல எங்க இருக்குன்னு பாத்து வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் பேட்டரி ஆயுசை வருஷத்துல அளக்கக் கூடாது, சார்ஜ் சைக்கிள்ல அளக்கணும். இன்னிக்கு 50 சதவீதம், நாளைக்கு 50 சதவீதம் செலவு பண்ணா ரெண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். பழைய மாடலுக்கு 500, புது மாடல்களுக்கு 800லேர்ந்து 1,000 சைக்கிள் ஆனதும் கொள்ளளவு 80 சதவீதமா இறங்கும்னு கம்பெனிகள் சொல்லும். தினம் ஒரு முழு சார்ஜ் தீர்க்கறவங்களுக்கு 800 சைக்கிள்ங்கறது ரெண்டு வருஷம் சொச்சம். அதுவும் குளுகுளுன்னு இருக்கற சோதனைக் கூடத்துக் கணக்கு. 35 டிகிரிக்கு மேல சூடாகற இடத்துல வெச்சுப் பழகினா கொள்ளளவு இன்னும் வேகமா விழும். நம்ம ஊர் சித்திரை வைகாசி பகல்ல 35ங்கறது நிழல்லயே தாண்டிடும்.

அதனால ரொம்ப மோசமான பழக்கம் எதுன்னா, மத்தியானம் ஒரு மணிக்கு கடலூர் பாண்டி ரோட்டுல பைக் ஹேண்டில்ல ஃபோனை மாட்டி, மேப் ஓட விட்டு, கூடவே சார்ஜும் போடறது. வெயில், ஸ்கிரீன், ஜிபிஎஸ், சார்ஜ் நாலு சூடும் ஒரே நேரத்துல ஏறும். போதாததுக்கு இன்ஜின் அதிர்வு. கை நடுங்கினாலும் படம் ஆடாம பாத்துக்கற ஓஐஎஸ் இருக்கற கேமராவுல லென்ஸ் ஒரு நுண்ணிய ஸ்பிரிங் மேல மிதக்குது. பைக் அதிர்வு தொடர்ந்து பட்டா ஃபோகஸ் கெடும்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சது. மேப்பை ஒரு தடவை பாத்துட்டு, இயர்ஃபோன் ஒரு காதுல மட்டும் மாட்டி, ஃபோனைப் பையில போட்டுடுங்க. வழி குரல்ல வரும்.

ராத்திரி தலகாணிக்கு அடியில வெச்சு சார்ஜ் போடாதீங்க. ஃபாஸ்ட் சார்ஜ் போடறப்ப கெட்டியான கவரைக் கழட்டி வைங்க. செட்டிங்ஸ்ல பேட்டரி பகுதியில 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்தற வசதி இப்ப பெரும்பாலான ஃபோன்ல இருக்கு, வீட்லயே இருக்கற நாள்ல அதை ஆன் பண்ணி விடலாம். சூடாயிடுச்சுன்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கிற ஆளுங்களும் உண்டு. வெளிய எடுத்ததும் உள்ளே பனித்துளி மாதிரி தண்ணி கோத்துக்கும், அதுக்கு வெயிலே தேவலாம்.

பின் மூடி லேசா தூக்கினாப்புல தெரிஞ்சாலோ, ஸ்கிரீன் ஓரத்துல ஒரு இடைவெளி விழுந்தாலோ பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம். அழுத்தி மூடப் பாக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. அணைச்சிட்டு நேரா கடைக்கு எடுத்துட்டுப் போங்க. மாடலைப் பொறுத்து நல்ல பேட்டரி 1,000லேர்ந்து 2,500 ரூபாய்க்குள்ள பெரும்பாலும் முடியும். 350 ரூபாய்க்கு மாத்தித் தரேன்னு சொன்னா வேண்டாம்னு வந்துடுங்க. அட்டையில 5,000ன்னு அச்சடிச்சிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது.

சார்ஜர், பேட்டரி ரெண்டுலயும் இந்தியத் தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் முத்திரையும், ஆர்ங்கற ஆங்கில எழுத்துல ஆரம்பிக்கற பதிவு எண்ணும் இருக்கணும். பத்தாததுக்கு கேபிளைப் பாருங்க. மலிவுக் கேபிள்ல செம்பு இழை முடி மாதிரி இருக்கும். போற வழியிலயே வோல்டேஜ் விழுந்துடும், 33 வாட் சார்ஜரும் 10 வாட் மாதிரி ஊர்ந்து போகும். அப்புறம் சார்ஜர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு சார்ஜரை மாத்துவாங்க.

இனி உப்பு. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டின தெருக்கள்ல ஜன்னல் கம்பி துருப்பிடிக்கற வேகத்தைப் பாத்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். காத்துல வர்ற உப்புத் தூசி சார்ஜிங் போர்ட்டுக்குள்ள படியும். உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். யூஎஸ்பி சி போர்ட்டுக்குள்ள நடுவுல ஒரு நாக்கு, அதுல ரெண்டு பக்கமும் சேர்த்து 24 பின். டார்ச் அடிச்சுப் பாத்தா தங்க நிறத்துல வரி வரியாத் தெரியணும். அதுல பாசி மாதிரி பச்சை படிஞ்சிருந்தா அரிப்பு தொடங்கிடுச்சு. கரண்டும் ஈரமும் சேர்ந்தா இது வேகமா நடக்கும், அதனால மழையில நனைஞ்ச ஃபோனை "சார்ஜ் ஏறுதா பாப்போம்"னு சொருகறதுதான் போர்ட் சாகறதுக்கு முக்கியக் காரணம். ஈரம் இருக்குன்னு ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்தா அது நிஜம். மூணு நாலு மணி நேரம் ஃபேன் காத்துல வைங்க.

சார்ஜ் கேபிள் லூசா ஆடுச்சுன்னா போர்ட் போச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. பாதிக்குப் பாதி அது பாக்கெட் பஞ்சுதான். ஃபோனை அணைச்சுட்டு, மரக்குச்சியில, பல் குத்தற குச்சி போதும், ஓரமா மெதுவா சுரண்டினா திரி திரியா அழுக்கு வரும். ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

தண்ணியில விழுந்தா அரிசிக்குள்ள புதைக்கிறதுதான் நம்ம மக்களோட முதல் வைத்தியம். அரிசி உள்ளே போன தண்ணியை இழுக்காது, மாவும் உமித் தூசியும் போர்ட்டுக்குள்ள போறதுதான் மிச்சம். செய்ய வேண்டியது இது: உடனே அணைச்சுடுங்க. கவரைக் கழட்டி, சிம் ட்ரேயை வெளிய எடுங்க. போர்ட் கீழ பாக்கற மாதிரி பிடிச்சு உள்ளங்கையில மெதுவா தட்டுங்க. ஹேர் டிரையர் வேண்டாம், அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

கடல் தண்ணின்னா கதையே வேற. தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ளே சர்க்யூட் போர்டு மேலயே உக்காந்திருக்கும். அணைச்சு வெச்சாலும் பேட்டரி உள்ளே இணைஞ்சேதான் இருக்கும், அரிப்பு நிக்காது. தண்ணி, தூசி தாங்கும்னு சொல்ற ஐபி68 தரக்குறி இருக்கற, இதுவரை பிரிக்காத, விரிசல் இல்லாத ஃபோன்னா நல்ல தண்ணியில ஒரு தடவை அலசித் துடைக்கலாம், சில கம்பெனிகளே அப்படித்தான் சொல்லுது. மத்த ஃபோன்னா அலசற வேலை வேண்டாம், அன்னிக்கே சர்வீஸ் கடைக்குக் கொண்டு போய் பேட்டரியைக் கழட்டச் சொல்லி, போர்டை ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ஊத்திக் கழுவச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை சில்வர் பீச்சுல நனைஞ்சதை புதன்கிழமை கொண்டு வந்து "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு"ன்னா, கடைக்காரர் கையில ஒண்ணும் இல்ல.

ஐபி68னா கடல்ல குளிக்கலாம்னு அர்த்தமும் இல்ல. அந்தச் சோதனை நல்ல தண்ணியில, அசையாம வெச்சு நடக்கறது. அலை வந்து அடிக்கற வேகத்துக்கு அதுல கணக்கே கிடையாது. ஒரு தடவை டிஸ்ப்ளே மாத்தினா தண்ணி புகாம ஒட்டியிருந்த பழைய பசை போச்சு, அதோட ஐபியும் போச்சு. வாரண்டியும் தண்ணிச் சேதத்துக்குப் பொருந்தாது. பல ஃபோன்ல சிம் ட்ரே ஓட்டைக்குள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணி பட்டா சிவப்பாகும். சர்வீஸ் சென்டர்ல முதல்ல டார்ச் அடிச்சுப் பாக்கறது அதைத்தான். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களும் அதையே பாருங்க.

புயல் வந்தா ஃபோன் எவ்வளவு பெரிய ஆதரவு, எவ்வளவு சீக்கிரம் கைவிடும்னு ரெண்டையும் பாத்த ஊர் நம்மளுது. 2011 டிசம்பர் 30ல தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு, பல கிராமத்துக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல், பாண்டியில ஒரே நாள்ல ஏறத்தாழ 48 செ.மீ. மழை, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணை வெள்ளம். கரண்ட் போனா டவரும் பேட்டரி, டீசல் இருக்கற வரைக்கும்தான். சிக்னல் மெலிஞ்சா ஃபோன் டவரைத் தேடி இன்னும் பலமா கத்தும், பேட்டரி சும்மா இருக்கும்போதே இறங்கும். அதனால ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மட்டும் எடுத்துப் பாக்கணும். கால் போகலன்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க, கொஞ்சம் சிக்னல் கிடைச்சாலும் அது போய்ச் சேரும்.

பவர் பேங்க் வாங்கறவங்க ஒரு கணக்கு தெரிஞ்சுக்கணும். 10,000 எம்ஏஎச்னு போட்டிருக்கறது உள்ளே இருக்கற 3.7 வோல்ட் செல்லோட அளவு. 5 வோல்ட்டா ஏத்தி அனுப்பறதுல, சூட்டுல, கேபிள்ல போறதெல்லாம் கழிச்சா கைக்கு வர்றது மூணுல ரெண்டு பங்குதான். 5,000 எம்ஏஎச் ஃபோனை ரெண்டு தடவை நிரப்பும்னு நினைக்காதீங்க, ஒண்ணேகால் தடவை. மூணு பேர் வீட்டுக்கு 20,000 ஒண்ணு வேணும், அக்டோபர்லயே வாங்கி மாசம் ஒரு தடவை முழுசா சார்ஜ் போட்டு வெச்சிருக்கணும். புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்குக் கடையில நின்னா கிடைக்காது. கரண்ட் திரும்பி வர்ற நேரத்துல சார்ஜரைப் பிளக்லேர்ந்து உருவி வைங்க, வோல்டேஜ் குதிச்சு இறங்கும்.

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட சசேத் ஆப்பும், தமிழ்நாடு அரசோட டிஎன் அலர்ட்டும் மழைக்கு முன்னாடியே ஏத்திடுங்க. செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி அலர்ட் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. சத்தம் தாங்கலன்னு ஆஃப் பண்ணவங்க நிறைய பேர். ஒயர் ஹெட்ஃபோன் சொருகற ஓட்டையும் எஃப்எம் ரேடியோவும் இருக்கற ஃபோன்னா நெட் இல்லாமலே புதுச்சேரி வானொலி கேக்கலாம், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஓட்டையைத் தூக்கின கம்பெனிகள் மேல எனக்கு இருக்கற கோபத்துக்கு முதல் காரணம் இதுதான். ஜிபே மட்டும் நம்பி வீட்டுல பணமே வைக்காத பழக்கமும் புயல் மாசத்துக்கு ஆகாது.

டிஸ்ப்ளே உடைஞ்சா கடையில "ஒரிஜினலா, காப்பியா"ன்னு கேட்டா மட்டும் பத்தாது. ஒரிஜினல் அமோலெட் இருந்த இடத்துல விலை கம்மியா எல்சிடி டைப் போட்டா, ஸ்கிரீன்லயே விரல் வெச்சுத் திறக்கற ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யாது, பேட்டரியும் கூடுதலாத் தின்னும். கண்ணாடி மட்டும் உடைஞ்சு, டச்சும் படமும் நல்லா இருந்தா கிளாஸ் மட்டும் மாத்தற ஓசிஏ வேலை கேளுங்க, செலவு பாதிக்கும் கீழ வரலாம். ஆனா அதுக்குப் பழகின கை வேணும். திருப்பி வாங்கறப்ப கடையிலயே நின்னு பாருங்க: ஒரு கால் போட்டுக் காதுல வெச்சா ஸ்கிரீன் அணையுதா, வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணா கேக்குதா, ஒரு ஐகானைப் பிடிச்சு நாலு மூலைக்கும் இழுத்தா எங்கயாவது நழுவுதா. சாம்சங்கா இருந்தா *#0*# அடிச்சா சோதனைப் பக்கமே வரும். கொடுக்கறப்ப சிம்மைக் கழட்டிடுங்க. லாக் நம்பரைச் சீட்டுல எழுதித் தராதீங்க, மெயின்டெனன்ஸ் மோட் இருந்தா அதைப் போட்டுக் கொடுங்க, போட்டோவும் பேங்க் ஆப்பும் அவங்க கண்ணுக்குத் தெரியாது.

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்லயோ, தெரிஞ்சவர் மூலமாவோ பழைய ஃபோன் வாங்கறதா இருந்தா *#06# அடிச்சு ஐஎம்இஐங்கற, ஃபோனோட 15 இலக்க அடையாள எண்ணை எடுங்க. ஆங்கிலத்துல கே, ஒய், எம்னு மூணு எழுத்து, ஒரு இடைவெளி, அந்த நம்பர், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா பதில் வரும். பிளாக் பண்ண ஃபோன்னு வந்தா வாங்கவே வேண்டாம். உங்க ஃபோன் தொலைஞ்சா போலீஸ் புகார் நகலோட மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல அதே ஐஎம்இஐயை நீங்களும் பிளாக் பண்ணலாம். அந்த நம்பரை இப்பவே டைரியில எழுதி வைங்க, பில்லைத் தேடறதுக்குள்ள ஒரு நாள் போயிடும்.

கடைசியா ரீசார்ஜ். ஃபோன் விலையில 500 ரூபா குறைக்க ரெண்டு மணி நேரம் பேரம் பேசுவோம். 28 நாள் பிளான்ங்கறது வருஷத்துக்கு 12 இல்ல, 13 தடவைன்னு யோசிக்க மாட்டோம். 299 ரூபா பிளான்னா வருஷத்துக்கு 3,887. அஞ்சு வருஷத்துல 19,435, ஃபோன் விலையையே தாண்டிடுச்சு. மாசா மாசம் அதே தேதியில புதுப்பிக்கற பிளான் ஒண்ணாவது வெச்சிருக்கணும்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ட்ராய் 2022லயே உத்தரவு போட்டிருக்கு, ஆனா ஆப்பைத் திறந்ததும் கண்ணுல படறது 28தான். வீட்டுல வைஃபை இருக்கற அம்மா அப்பாவுக்கு தினம் 1.5 ஜிபி எதுக்கு? டேட்டா இல்லாம கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கற பிளானை 2025 ஜனவரியிலேர்ந்து கம்பெனிகள் விக்குது, அது வந்தப்ப 2,000 ரூபாய்க்குக் கீழ ஒரு வருஷத்துக்கே கிடைச்சுது. ஆப்ல பிளான் பட்டியலைக் கடைசி வரைக்கும் உருட்டினாத்தான் தெரியும். இந்த பிளானைப் போடறதுக்கு முன்னாடி, வைஃபையை அணைச்சா வாட்ஸ்ஆப் வராதுங்கறதை மட்டும் அவங்க கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா ஃபோன் ரிப்பேர்னு மறுநாளே உங்களுக்குக் கால் வரும்.