ஒலிப்படி அச்சிட்டால் ஓசை வந்துவிடுமா?

ஒரு நண்பர், "தமிழ் எழுத்து ஒலிப்படி அமைந்தது, வட்டாரக் கதையைப் பேசுகிறபடியே அச்சிட்டால் ஓசை முழுவதும் தாளில் வந்துவிடும், வாய்விட்டுப் படிப்பது வெறும் அலங்காரம்" என்கிறார். அப்படி இல்லை.

பஜாருக்கும் பல்லுக்கும் ஒரே 'ப'தான் எழுதுகிறோம்; ஆனால் பஜாரில் அது தொண்டை அதிர (b) ஒலிக்கிறது, பல்லில் அதிராமல் (p) ஒலிக்கிறது. உருதும் தெலுங்கும் புழங்கும் நம் வண்ணாரப்பேட்டைப் பேச்சில் அப்படி அதிர்ந்து தொடங்கும் சொற்கள் ஏராளம்; எழுத்து அதைக் காட்டாது.

பெரிய சிக்கல் சொல்லின் கடைசியில் இருக்கிறது. பேச்சில் 'வந்தான்' என்பதன் னகரம் கரைந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலியாகிறது. 'வந்தாள்' ளகரத்தை இழக்கிறது. பேச்சுப்படியே எழுதப் புகுந்தால் இரண்டும் தாளில் 'வந்தா'தான். கிணற்றடியில் வந்து நின்றது ஆணா பெண்ணா என்று வாசகர் விழிக்க வேண்டியதுதான்! அதற்காக னகரத்தை விட்டுவைத்தால் அது பேச்சு அல்ல. காதால் கேட்பவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. கதைசொல்லி எங்கே இழுக்கிறார், கேட்பவர் எங்கே 'உம்' கொட்டுகிறார் என்பதற்கும் நிறுத்தற்குறி கிடையாது.

அச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. புரியாத சொல்லில் நின்று திரும்பிப் படிக்கத் தாள்தான் வசதி; எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தார். ஆனால் வாய்விட்டுப் படிப்பவர் யார் என்பதும் முக்கியம். காசிமேட்டுப் பிள்ளை கோவில்பட்டிக் கதையைப் படித்தால் காசிமேட்டு இராகம்தான் வரும் (அதுவும் கேட்க நன்றாகவே இருக்கும்). கதையின் ஊர்க்காரரே படித்த ஒலிப்பதிவு கிடைத்தால், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.