மாதம் 100 ரூபாய்க்கு இவ்வளவு கோபமா?

நேற்று இங்கே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். அப்பாவைப் பற்றி நான் எழுதும் கடிதங்களுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா என்று அறிவித்ததற்கு, "கண்ணீருக்கும் கல்லா கட்டியாச்சா?" என்று கேட்டாரே ஓர் அண்ணன், அவருக்காகத்தான் இது. அதற்குக் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் பலர், என் பழைய பதிவுகளில் "அழ வச்சுட்டீங்க தோழி" என்று எழுதியவர்கள்.

காசு கேட்பது எனக்கு லேசாக வந்துவிடவில்லை. அறிவிப்பை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் கியூஆர் கோடைப் போட்டுவிட்டு, திருடியவள் மாதிரி போனைக் கவிழ்த்து வைத்தேன். என்ன தப்பு செய்தேன்? எழுதுவது வேலை. வேலைக்குக் கூலி கேட்டேன். அவ்வளவுதான்.

"பாரதி காசுக்கா எழுதினார்?" சரி, பாரதிக்கே வருவோம். 1920-இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிடப் பணம் கேட்டு அவர் சுற்றறிக்கை அனுப்பினார். இனாமாக அல்ல, வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல விற்கும் என்பது அவர் போட்ட கணக்கு. நடக்கவில்லை. அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 11 வந்தால் முண்டாசுப் படம் வைப்பவர்கள் கண்ணில் இந்தக் கடிதம் மட்டும் படுவதே இல்லை.

"அது கவிதை, இது சொந்த வாழ்க்கை" என்பார்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' யாருடைய வாழ்க்கையாம்? 1940-இல் தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்தது. விகடனைச் சும்மாவா கொடுத்தார்கள்? காசு கொடுத்துத்தான் வாங்கிப் படித்தார்கள். எழுத்து வேலை. வேலைக்குக் கூலி.

மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. இன்பாக்ஸில் ஒரு வரி சொன்னால் போதும், சந்தா வேண்டாம். அறிவிப்பிலேயே இருந்தது. யார் படித்தார்கள்!

அப்புறம், சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன் அண்ணா. உங்கள் அப்பாவின் பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போட்டீர்கள். அச்சகத்துக்குக் காசு, டிடிபி செய்தவருக்குக் காசு, பந்தலுக்கும் சமையலுக்கும் பேரம் பேசாமல் காசு. அந்த மலரில் இருந்த எழுத்து என்னுடையது. உங்கள் அத்தைகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உனக்கு எதுக்கு நன்றியெல்லாம்" என்றீர்கள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்கள் அப்பாவைப் பற்றிச் சும்மா எழுதிக் கொடுத்தால் பாசம். என் அப்பாவைப் பற்றி என் பெயரில் எழுதினால் கல்லா.

உண்மையில் இது காசுப் பிரச்சினையே இல்லை. கட்டணம் வாங்கி நாவல் பயிற்சி வகுப்பு நடத்தும் அண்ணன்களிடம் நீங்கள் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து எழுதுவது பொழுதுபோக்கு. அதற்கு விலை வைத்தால் மட்டும் உங்களுக்கு இலக்கியத்தின் புனிதம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இதற்கு நடுவில் ஒரு புண்ணியவான் முதல் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் விட்டிருக்கிறார். அங்கே படித்த ஒருவர் நேற்று ராத்திரி எனக்கே மெசேஜ் அனுப்புகிறார்: "மேடம், நாலாம் பக்கம் காணோமே, அனுப்ப முடியுமா?"

நாலாம் பக்கத்தில் இருப்பது சந்தா கட்டும் விவரம். அதை மட்டும் யாரோ பொறுப்பாக எடுத்துவிட்டுப் பரப்பியிருக்கிறார்கள். அனுப்பி வைத்திருக்கிறேன்.