படம் 4கே, சத்தம் கர்ர்ர்

டிரம்மர் நெற்றியில் வழியும் வியர்வைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. பாட்டு மட்டும் கிழிந்த ஸ்பீக்கரில் இருந்து வருவது மாதிரி இரைகிறது. இசை நிகழ்ச்சி வீடியோ எதைத் திறந்தாலும் இதே கதைதான். கிம்பல், லென்ஸ், கலர் கிரேடிங் என்று படத்துக்கு மெனக்கெடுகிறவர்கள், பதிவாகிறது ஒரு பாட்டு என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

கேட்டால் "எடிட்டிங்கில் சரி பண்ணிக்கலாம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதைச் சரி பண்ணுவீர்கள்? சாதாரண டிஜிட்டல் பதிவில், மீட்டர் கணக்குப்படி 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டி வரும் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்புறம் வால்யூமைக் குறைத்தால் பெரிய கரகரப்பு சின்னக் கரகரப்பாகும், அவ்வளவுதான். வெட்டுப்பட்ட இடத்தை ஊகித்து நிரப்பும் மென்பொருள் இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டியிருந்தால் உதவும். பாட்டு முழுக்கத் தட்டையாகிக் கிடந்தால் அதுவும் கும்பிடு போட்டுவிடும்.

இன்னொரு கூட்டம், எவ்வளவு பெரிய சிக்னலையும் வெட்டாமல் பதிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டு "இனி லெவலே பார்க்க வேண்டாம்" என்று திரிகிறது. ரெக்கார்டர் தாங்கும் ஐயா, மைக் தாங்க வேண்டாமா? எந்த மைக்குக்கும் இவ்வளவு சத்தம்தான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. சின்ன மைக்குகள் பலவும் 120 டெசிபலை (இது மீட்டர் கணக்கு இல்லை, காற்றில் வரும் சத்தத்தின் கணக்கு) ஒட்டியே திணற ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் அடுக்கின் காலடியில் நின்றால் டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் அதைத் தாண்டலாம். மைக்கிலேயே உடைந்த ஒலியை எத்தனை பிட்டில் பதிந்து என்ன? பின்னால் தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும், காசே செலவில்லாமல்.

மிக்சரில் இருந்து லைன் அவுட் எடுத்து கேமராவின் மைக் துளையில் அப்படியே செருகிவிட்டு, "உங்க சவுண்ட் சரியில்லை" என்று மிக்சர்காரரிடம் சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். லைன் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. நடுவில் சிக்னலைக் குறைக்கிற ஒரு பேட் போடு, இல்லையென்றால் மெனுவில் லைன் என்று மாற்று. பாவம் அந்த மனுஷன்!

சவுண்ட் செக்கில் லெவல் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவது அடுத்த கூத்து. கூட்டம் வந்ததும் எல்லாரும் இன்னும் ஓங்கித்தான் வாசிப்பார்கள். பதிவின் அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிட்டு, மிகச் சத்தமான இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி வைத்தால்தான் தப்பிக்கலாம். அந்த இரைச்சலில் ஹெட்போனை நம்ப முடியாது, மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேமராவிலாவது செய்யலாம். போனில்? பல போன்களில் கூடவே வரும் கேமரா செயலியில் ஐஎஸ்ஓ, ஷட்டர் எல்லாம் மாற்றலாம். மைக் கெயினைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது, வேறு செயலி இறக்க வேண்டும். எல்லாம் ஆட்டோ பார்த்துக்கொள்ளுமாம்! பாடகர் மெல்லப் பேசினால் கெயினை ஏற்றும். டிரம்ஸ் இறங்கியதும் பதறிப்போய் எல்லாவற்றையும் அமுக்கும். அடிக்கு ஒரு தரம் குரல் மூழ்கி மூழ்கி எழுகிறது. முகத்தை வெளுக்க ஒரு ஸ்லைடர், கன்னத்தை ஒடுக்க ஒரு ஸ்லைடர், கண்ணைப் பெரிதாக்க ஒரு ஸ்லைடர். மைக்குக்கு ஒன்று வைக்க மட்டும் திரையில் இடமில்லை!